ஹெலன் மேடம் வீடியோ

இல்லம்மா, யாரும் வரமாட்டாங்க, நல்லா சாஞ்சி குந்துங்க. கடைசி வரிசைக்கு யாரு போட்டிக்கு வரப்போறா? நானும் இப்டி பக்கத்துலயே குந்திக்கிறேன். முன்னாடி பூரா சோபா போட்டு பேரு ஒட்டி வெச்சிக்கிறாங்க. அங்க போய் குந்துனா ஒரு புள்ள வந்து சிரிச்சிகினே எழுப்பி உட்டுடும். இங்க பேன் காத்தாவது வருது. இன்னும் நேரம் ஆவும். சீப் கெஸ்ட்டு காரனோடை பாலத்தாண்ட மாட்டிக்கினாராம், கண்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குதாம். வாசல்ல பேசிக்கினாங்க.

நாஷ்டா குடுத்தாங்களா உங்களுக்கு? டோக்கன் வெச்சிக்கினு ஒரே தள்ளுமுள்ளு அங்க. தண்ணியாவது குடிங்க, இந்தாங்க, நான் வாய் வெக்கல. இன்னா, எல்லாத்துக்கும் தலைய மட்டும் ஆட்றீங்க? தொண்ட கட்டிக்கிச்சா? இல்லியா? அப்பறம் இன்னா, வாய்ல வெரல வெச்சிக் காட்றீங்க? ஓ. பேசக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்களா? யாரு? சரி சரி, சொல்ல வேணாம். பெரிம்மான்னு கூப்டறேன், கோச்சிக்க மாட்டீங்களே? நான் பேசறேன், நீங்க கேளுங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. வருஷக்கணக்கா பாடம் நடத்துன வாய் பெரிம்மா இது. இப்ப கேக்கறதுக்குத்தான் ஆளில்ல.

இன்னா பங்ஷன்னாவது சொன்னாங்களா? அதுவும் இல்லியா. நல்லா இருக்குது. தோ, மேடைல இங்கிலீஷ்ல பெருசா எழுதிக்கிதே, அது வேற ஒன்னுமில்ல. இந்தப் பக்கத்து காலேஜுங்க அஞ்சு ஒன்னா சேந்துகினு, பாடத்த வீடியோவா எடுத்து நெட்டுல பொதுவா ஒரு எடத்துல போட்டு வெக்கிறாங்க. ஒரு காலேஜுல எடுத்தத மீதி நாலு காலேஜு புள்ளைங்களும் பாத்துக்கலாம். பொன்னேரிப் பக்கத்து ஆரணியாண்ட எங்க காலேஜு மாதிரி சின்ன எடத்துல எல்லா பாடத்துக்கும் ஆளு இருக்காது. லேப்ல குழா தொறந்தா தண்ணி வராது. இந்த மாதிரி பெரிய காலேஜுல எல்லாமே கீது. இருக்கறவங்க இல்லாதவங்களுக்கு குடுக்கறது. நல்ல விஷயந்தான், நான் ஒன்னும் தப்பு சொல்ல மாட்டேன். சொல்லப்போனா அத்த ஆரம்பிச்சதே நான்தான்.

சிரிக்கிறீங்க. மெய்யாலுமே பெரிம்மா. எம் பேரு ஹெலன். கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்களுக்கு பின்னாடி கீதே காலனி, அங்கதான் ஊடு. எங்க நைனா இரும்பு உருக்கற கம்பெனியில காண்ட்ராக்ட் ஆளு. சட்டை பூரா பொத்தல் பொத்தலா வரும், நெருப்புப் பொறி பட்டு. எங்கம்மா அத்த தெச்சித் தெச்சே கண்ணு போச்சி. அந்த ஊட்லருந்து நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அப்பால அந்த சின்ன பாலிடெக்னிக்ல லெக்சரர். எங்க நைனா அன்னிக்கு கம்பெனி கேண்டீன்ல எல்லாருக்கும் போண்டா வாங்கிக் குடுத்துச்சாம்.

கொரோனா வந்துச்சே, காலேஜ இழுத்து மூடுனாங்களே, அப்ப புள்ளைங்க இன்னா பண்ணும்? பாதி புள்ளைங்க ஊட்ல ஒரே போனு, அதுவும் அவங்க அப்பா ஷிப்டுக்கு எடுத்துகினு பூடுவாரு. அதான் சின்னச் சின்னதா வீடியோ எடுத்தேன். எங்கூட்டு சமையக்கட்டுல, அரிசி டப்பா மேல போன சாய்ச்சி வெச்சிகினு. மொத பாடம் இன்னா தெரியுமா? தண்ணி. நம்மூரு போரு தண்ணி உப்பு கரிக்குது இல்ல, சோப்பு போட்டா நொரையே வராது, இட்லிப் பானை அடியில வெள்ளையா கல்லாட்டம் படியும். அத்த அப்டியே எடுத்துக் காமிச்சேன். இன்னாடா இது, எம்மாம் தேச்சாலும் நொரை வரலன்னு தண்ணிய திட்டாத, அதுக்குள்ள இன்னா கீதுன்னு பாருன்னு ஆரம்பிப்பேன். ஊட்ல பானைல படியறதுதான் உங்க நைனா கம்பெனி பாய்லர்லயும் படியுது, அங்க படிஞ்சா கொழா வெடிக்கும்னு சொல்லுவேன். புள்ளைங்க அப்டியே புடிச்சிக்கிச்சிங்க.

வாட்சப்ல அனுப்புனது எங்கெங்கியோ போச்சி. மீஞ்சூர் பக்கம் வேற காலேஜு, தேவதர்ஷினின்னு ஒரு பொண்ணு, எம் மூஞ்சிய கூட பாத்தது இல்ல, நம்பர தேடிப் புடிச்சி போன் பண்ணுச்சி. மேடம், அடுத்த பாடம் எப்போ போடுவீங்க, நாங்க ட்ரெயின்ல பாப்போம்னு. ஹெலன் மேடம் வீடியோன்னே பேரு வந்துடிச்சி அதுக்கு. ஒரு காலேஜு புள்ளைங்க இன்னொரு காலேஜு புள்ளைங்களுக்கு அனுப்பும். யாரும் கூட்டமும் போடல, பேனரும் வெக்கல. அத்தப் பாத்துட்டுதான் இந்தப் பெரிய காலேஜுல அஞ்சு காலேஜும் சேந்து பண்ணலாம்னு ஆரம்பிச்சாங்க.

தோ, மேடை ஏறி மைக்க தட்டிப் பாக்கறாரே கோட்டு போட்டுகினு, அவருதான் எல்லாத்துக்கும் தலைவரு. அன்புசெல்வன் சார். டாக்டர் அன்புசெல்வன். ஆமா, பாக்க லட்சணமாத்தான் கீறாரு, நீங்க வாயெல்லாம் பல்லா பாக்கறீங்க. கோட்டு நல்லா எடுப்பா கீது. முன்னாடி பட்டுப் பொடவ கட்டிகினு குந்திக்கினு கீதே, அது அவங்க வொய்ப். நல்லா பேசுவாரு பெரிம்மா, சுத்தமா பேசுவாரு. மொத வாட்டி எனக்கு போன் பண்ணி, உங்க பாடங்கள் மிகவும் எளிமையாக இருக்கின்றன ஹெலன், எங்களோடு இணைந்துகொள்ளுங்கள்னாரு. நியூஸ் வாசிக்கறாப்ல இருந்துச்சி. எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல, சந்தோஷத்துல.

எல்லாத்தையும் குடுத்தேன். எடுத்தது, எழுதுனது, செஞ்சி காட்டுனது எல்லாம். அப்பால ஒரு நாள் மீட்டிங்கு. போன்லதான், அஞ்சு காலேஜு ஆளுங்களும் கட்டம் கட்டமா தெரிவாங்களே, அப்டி. அதுல என் பாடத்த ஓட்டிக் காமிச்சாரு. காமிச்சிட்டு ஒன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னா சொன்னாருன்னு அப்பறம் சொல்றேன். பதில் சொல்லலாம்னு வாயத் தொறந்தா என் மைக்க அவரே ஆஃப் பண்ணி வெச்சிக்கிறாரு. என் வாய் அசையறது எனக்கே தெரியுது அந்த கட்டத்துல, சத்தம் வரல. நான் பேசறேன் பேசறேன், அவங்க சிரிச்சிகினே கீறாங்க.

கடைசியில முடிவு பண்ணாங்க. பாடம் நல்லா கீது, பேச்சுதான் நல்லா இல்ல. அதனால என் மூஞ்சியும் வேணாம், கொரலும் வேணாம், பாடம் ஒண்டி போதும். நான் பேசனத நானே ஒக்காந்து நல்ல தமிழ்ல எழுதிக் குடுக்கணும், அத்த அவரு கோட்டு போட்டுகினு படிப்பாரு. குடுத்தேன். இந்த அஞ்சு காலேஜு கூட்டமைப்புல இருக்கணும்னா குடுத்துதான் ஆவணும்னாங்க. அந்த கேமராவுக்கு முன்னாடி எழுத்து ஓடும் பெரிம்மா, அத்த பாத்து படிக்கிறது. ஒருக்கா கூட தலைய தூக்கி இது இன்னா எழுதிக்கிதுன்னு யோசிச்சிருக்க மாட்டாரு.

ஆனா சோதனை செஞ்சி காட்றது அவருக்கு வராதே. அந்த எடத்துல மட்டும் பழசையே ஒட்டிட்டாங்க. மூஞ்சி அவரு மூஞ்சி, பேச்சு அவரு பேச்சு, கை என் கை. இந்தா பாருங்க, கட்ட வெரல்ல வெள்ளையா தழும்பு, ஆசிட் பட்டது. கண்ணாடி வளையலோட ஒரு பொம்பள கை வந்து தண்ணிய ஊத்தும், உடனே மேல கோட்டு போட்ட ஆம்பள வந்து, இவ்வாறு ஊற்ற வேண்டும்பாரு. சிரிப்பு வருது இல்ல? எனக்கும் மொத வாட்டி சிரிப்புதான் வந்துச்சி. எங்க நைனாகிட்ட காமிச்சேன். நைனா சிரிக்கல. இன்னா ஹெலனு, கைய மட்டும் வெட்டி எடுத்துக்கினாங்களான்னு கேட்டுச்சி.

அதோட உட்டாங்களா? யூட்யூப்ல புள்ளைங்க போட்டு வெச்சிருந்த என் பழைய வீடியோவ எல்லாம் எடுக்கச் சொன்னாங்க, அது கூட்டமைப்பு சொத்தாம். எடுத்தேன். அப்பால எங்க கரஸ்பாண்டெண்ட் கூப்ட்டு அனுப்புனாரு. மேடம், உங்க சப்ஜெக்ட்டுக்கு இப்போ பாடம் ரெடியா நெட்டுலயே வந்துடிச்சி, பசங்க அத்த பாத்துக்குவாங்க, இனிமே கிளாஸுக்கு தனியா ஆளு வேணாம்னாரு. எந்தப் பாடம்? நான் எடுத்த பாடம் பெரிம்மா. நான் எடுத்த பாடம் கீதாம், அதனால நான் வேணாமாம். என்ன வேலைலருந்து துரத்துனது என் கையேதான். அன்னிக்கு பஸ்ஸுல வரும்போது கட்ட வெரல பாத்துகினே வந்தேன், அப்டி ஒரு ஆத்திரம்.

இப்ப ஒரு கம்பெனியில தண்ணி டெஸ்ட் பண்றேன். காலைல போய் பாட்டில்ல புடிக்கிறது, டெஸ்ட் பண்றது, எழுதி வெக்கிறது. ஒருத்தருகிட்டயும் பேச்சு கெடையாது. ஒரு நாளிக்கு ரெண்டு வார்த்த பேசுனா ஜாஸ்தி. ஊட்டுக்கு வந்து செவுத்துகிட்ட பாடம் நடத்துவேன். எங்கம்மா பயந்துடிச்சி, சர்ச்சுக்கு கூட்டிகினு போய் ஜெபம் பண்ண வெச்சிது. பாஸ்டரு மன்னிச்சிடும்மான்னாரு. மன்னிக்க மாட்டேன்னேன்.

இல்ல பெரிம்மா, மன்னிக்க மாட்டேன். சோத்துல மண்ணு போட்டத கூட தாங்கிக்கலாம். சாப்பாட்டுக்கு இப்பவும் கொறையில்ல. புள்ளைங்க கேட்டுச்சிங்களே, அந்தப் பேச்ச புடுங்கிட்டாங்க. அது போனதுதான் எனக்கு தாங்கல. புது வீடியோவ எந்தப் புள்ளையும் முழுசா பாக்கறது இல்ல, அது வேற கத. அட்டெண்டன்ஸுக்கு ஓட உட்டுட்டு போன கவுத்து வெச்சிடுதுங்க. தேவதர்ஷினி சொல்லிச்சி.

இருங்க, மைக்ல இன்னாவோ சொல்றாங்க. கேட்டீங்களா? சீப் கெஸ்ட்டு வர முடியாதாம், வாழ்த்து அனுப்பிட்டாராம். அன்புசெல்வன் சாரே பட்டன அமுக்கி தொடங்கி வெப்பாராம். ஐயோ, இது நான் நெனைக்கவே இல்ல. நல்லது, ரொம்ப நல்லது. மேடைல செவப்பா ஒரு பட்டன் வெச்சிக்கிறாங்க பாருங்க, பூ சுத்தி. அத்த அமுக்குனா பின்னாடி அம்மாம் பெரிய ஸ்கிரீன்ல மொத பாடம் ஓடும். அஞ்சு காலேஜுலயும் இதே நேரத்துக்கு புள்ளைங்கள குந்த வெச்சிக்கிறாங்க, அங்கியும் ஓடும். மொத பாடம் எதுன்னு சொன்னேன் இல்ல? தண்ணி. அதேதான்.

ஒரு விஷயம் சொல்லவா? யாருக்கும் தெரியாது. அஞ்சு காலேஜும் பங்கு குடுத்துச்சின்னு காட்டுனாத்தான் இவங்களுக்கு மரியாத. எங்க காலேஜு பங்குன்னு காட்ட என் பாடத்த தவிர வேற ஒன்னுமே இல்ல. அதனால மூஞ்சிய மாத்துனாங்க, கொரல மாத்துனாங்க, ஆனா பாடத்த நெட்டுல எங்க காலேஜு பேர்ல கீற கணக்குலயே உட்டு வெச்சிக்கிறாங்க. அந்தக் கணக்கு ஆரம்பிச்சது நானு. அதுக்கு பாஸ்வேர்டு போட்டது நானு. என்ன வேலைய உட்டு அனுப்புனாங்களே, பாஸ்வேர்ட மாத்தணும்னு ஒருத்தருக்கும் தோணல. அது யாரு கணக்குல கீதுன்னு தொறந்து பாத்தாத்தானே தோணும்? அஞ்சு காலேஜுல ஒருத்தரும் அந்தப் பாடத்த தொறந்து பாக்கல பெரிம்மா. பேனரு அடிக்கத்தான் நேரம் சரியா இருந்துச்சி.

இன்னிக்கு காலைல ட்ரெயின்ல வரும்போது மாத்திட்டேன். பொன்னேரி தாண்டறதுக்குள்ள வேல முடிஞ்சிது. பேரு மொத பாடம்னுதான் போட்டுக்கும். உள்ள கீறது வேற.

வேற இன்னான்னா? அந்த மீட்டிங்தான். இவங்க நடத்தற மீட்டிங்கெல்லாம் தானா பதிவாயி, எல்லாரும் பாக்கற எடத்துலயே போய் குந்திக்கும். பகிர்ந்துக்கணும் பகிர்ந்துக்கணும்னு எல்லாத்தையும் தொறந்து வெச்சிக்கினாங்க. நான் போய் எடுத்துக்கினேன். திருடல. எனக்கும் பங்கு கீது இல்ல?

அதுல இன்னா சொன்னாருன்னு சொல்லாமயே உட்டுட்டேன் பாருங்க. என் பாடத்த கொஞ்ச நேரம் ஓட்டுனாரு, நிறுத்துனாரு, சிரிச்சாரு. இது கெமிஸ்ட்ரி கிளாஸா, எங்கம்மா பொன்னேரி மார்க்கெட்ல குந்திகினு எறா விக்கறாப்ல கீதுன்னாரு. அதோட நிறுத்திக்கினு இருந்தா கூட போவுது. பேசி வேற காமிச்சாரு. வா கண்ணு, பாரு கண்ணு, பழவேற்காட்டு எறா கண்ணு, உசுரோட துள்ளுது பாரு கண்ணுன்னு. மூக்க உறிஞ்சிகினு, கையால ஈ ஓட்டிகினு. அஞ்சு காலேஜும் உழுந்து உழுந்து சிரிச்சிது. அந்தப் பேச்சு ஊட்லயே தாங்க முடியல, கிளாஸுக்கு வேற கொண்டாறணுமான்னாரு.

ஆமா பெரிம்மா. நீ யாருன்னு தெரியும். பின்னாடி கேட்டாண்ட டீ குடிச்சிகினு இருந்தேன், அவரோட வெள்ளக் காரு வந்துச்சி. வொய்ப்ப முன்னாடி வாசல்லயே எறக்கி உட்டுட்டாரு போலக்கிது, உன்ன மட்டும் பின்னாடி கொண்டாந்து எறக்கனாரு. பொடவய சரி பண்ணி உட்டாரு. அப்பால வாய்ல வெரல வெச்சிக் காட்னாரு. யாருகிட்டயும் பேசாதன்னு. அத்தத்தான் நீ எனக்கு காட்டுன. நான் முன்னாடி போய் ஓரமா நின்னுகினு அவரு மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கணும்னுதான் வந்தேன். உன்ன பாத்ததும் மாத்திக்கினேன். அவரு மூஞ்சிய நான் பாத்து இன்னா ஆவப்போவுது? ஹாலு பூரா சிரிக்கறப்ப அவரு உன் மூஞ்சிய பாக்கணும். மேடைல நின்னா கடைசி வரிசைதான் நேரா தெரியும். நீ எழுந்து பூடாம இருக்கணுமேன்னுதான் பக்கத்துல குந்துனேன்.

இன்னா சொன்ன? மறுபடியும் சொல்லு. வேணாம் கண்ணுன்றியா? ஐயோ. அதே கொரலு. அதே கண்ணு. துளி மாறாம பேசிக் காமிச்சிக்கிறாரு, நல்லாத்தான் கேட்டு வளந்துக்கிறாரு.

நிறுத்த முடியுமான்னா முடியும், தோ போனு கையிலதான் கீது. பழசையே திருப்பிப் போட ஒரு நிமிஷம் ஆவாது. மாட்டேன். உங்கிட்ட எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ அழுவாத, அழுதா கண்ணு மறைக்கும், அவரு எப்டி பாக்கறாருன்னு உனக்கு தெரியாம பூடும். லைட்ட அணைக்கறாங்க, ஸ்கிரீன் வெளிச்சத்துல உன் மூஞ்சி தெரியும். கைய உடு பெரிம்மா. பட்டன அமுக்கப் போறது நானில்ல. தோ எழுந்து போறாரு பாரு, உன் புள்ளதான்.